ரேஜினைத் திருத்தியவள்

சுலைமானியா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் இலக்கணத்தில் நியானை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வாய் திறந்து பேசச் சொன்னால், ஒரு வாக்கியத்தை மனசுக்குள் மூன்று முறை சரிபார்ப்பாள். அதற்குள் பக்கத்து இருக்கை ரேஜின் பேசியே முடித்திருப்பாள். ரேஜின் புத்தகத்தைத் தொட்டவளில்லை. கைப்பேசியில் வெளிநாட்டுப் பெண்களின் வீடியோக்களைப் பார்த்தே கற்றவள். இப்போது அவளே இன்ஸ்டாகிராமில் ஆங்கிலம் பேசுகிறாள். பின்தொடர்வோர் நாற்பதாயிரம் பேர். அந்த எண் ஏற ஏற நியானுக்கு வயிறு எரிந்தது.

சாலிம் வீதியில் ஒரு மொழிப் பயிற்சி மையம் கோடை வகுப்புக்கு ஆசிரியை தேடியது. இருவரும் விண்ணப்பித்தார்கள். நியானுக்கு அந்த வேலை வேண்டும். அதைவிட, ரேஜினுக்கு அது கிடைக்கக் கூடாது.

அந்த வாரம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் ரேஜினிடம் தோல்மா செய்முறை கேட்டார். அவளோ வீட்டில் எதற்கெடுத்தாலும் 'தாராளமாக' என்ற பொருளில் தாய்மொழியில் சொல்கிற 'சர்சாவ்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, "என் தலைமேலும் கண்மேலும்" என்று வீடியோவில் சொல்லிவிட்டாள். நியான் ஓர் ஆணின் பொய்ப் பெயரில் கணக்குத் திறந்தாள். ஆங்கிலத்தில் எந்த முட்டாளும் இப்படிச் சொல்லமாட்டான் என்று எழுதி, சரியான சொல்லையும் கீழே போட்டாள். நூறு பேர் சிரித்தார்கள். அன்று மதியம் வெண்டைக்காய்க் குழம்பு அவளுக்கு அத்தனை ருசித்தது.

மறுநாளே ரேஜின் அந்த வரியைக் காட்டித் தானும் சிரித்து, இனி என் பிழைகளை நீங்களே திருத்துங்கள் ஐயா என்று கேட்டு ஒரு வீடியோ போட்டாள். பின்தொடர்வோர் அறுபதாயிரமானார்கள். பொய்க் கணக்கையும் தேடிவந்து சந்தேகம் கேட்டார்கள். பிழையைக் கண்டால் நியானுக்குக் கை சும்மா இருக்காது. எல்லோருக்கும் பதில் எழுதினாள். பத்து நாளில் இரண்டாயிரம் பேர் சேர்ந்தார்கள். தன் பெயரில்லாத அந்தக் கணக்கின் மீதே அவளுக்குப் பொறாமை வந்தது.

கல்லூரித் தேநீர்க் கடையில் ரேஜின் புதுச் சேதி சொன்னாள். மையத்தை நடத்தும் சிர்வான் ரேஜினைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இலக்கணம் நடத்த அந்த முகம் தெரியாத ஆசிரியரும் வேண்டுமாம்.

"லண்டன்ல இருக்குற யாரோ மனுஷன்டி. நீயும் அவர்கிட்ட கத்துக்கோயேன், என் உசுரே. கொஞ்சமாவது வாய் திறப்ப."

நியானுக்குப் பொறுக்கவில்லை. "லண்டனும் இல்ல, மனுஷனும் இல்ல. நான்தான்."

ரேஜின் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "முட்டாள்னு எழுதினதும் நீதானா?"

"ஆமா."

"என் பக்கத்துல உக்காந்துக்கிட்டே?"

ரேஜின் அங்கேயே சிர்வானைக் கைப்பேசியில் அழைத்தாள். ஆள் கிடைத்துவிட்டாள், பெயர் நியான், துறையிலேயே முதல் மாணவி, நம்பி எடுக்கலாம் என்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, மீதித் தேநீரை அப்படியே விட்டு எழுந்து போனாள்.

வேலை கிடைத்துவிட்டது. இதிலும் ரேஜினே ஜெயித்துவிட்டாளே என்று நியானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.