யெர்கா அறுக்க மறுத்த தோல்

பனி உருகிய முதல் வாரத்தில் குல்மார் கோட்டைக்குள் மூன்று நாள் ஆள் சந்தை கூடும். மற்ற நாட்களில் குதிரையும் கழுதையும் விற்கிற அதே மைதானம்தான். சாணியைக்கூட ஒழுங்காகக் கூட்டி வைக்க மாட்டார்கள். கூலிக்கு வாள் தூக்குகிற ஜனங்களுக்கு இது போதும் என்பது நம் பிரபுக்களின் நினைப்பு. போர் மூண்டால் மட்டும் அந்த ஜனங்கள் முன்னால் நிற்க வேண்டும். பிரபுக்கள் பின்னால் குதிரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மைதானத்துக் கிணற்றோரம் பத்தொன்பது வசந்தமாகத் தோல் விரித்து உட்கார்ந்தவள் யெர்கா. வயது நாற்பத்து நான்கு. இரண்டு முறை உடைந்து இரண்டு பக்கமும் கோணிப்போன மூக்கு, மழை வருவதற்கு முதல் நாளே வலிக்கிற இடது முழங்கால், யாருக்கும் அடங்காத வாய். சுண்ணாம்புச் சூளைக்காரன் மகளாகப் பிறந்தவள். சூளைப் புகையில் இருமிச் சாவதைவிட வெளிக்காற்றில் வெட்டுப்பட்டுச் சாவது மேல் என்று இருபத்தைந்து வயதில் கிளம்பி வந்துவிட்டாள்.

குல்மாரில் தனி ஆளை யாரும் கூலிக்கு எடுப்பதில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஓர் எருதுத் தோல் வாங்க வேண்டும். அதன்மேல் இருவரும் உட்கார்ந்தால் ஒரு ஜோடி. ஒருவர் முதுகுக்கு மற்றவர் பொறுப்பு. ஜோடியில் ஒருவர் செத்தாலோ முடமானாலோ, மற்றவர் தோலை நடுவில் அறுத்துத் தன் பாதியில் உட்கார்ந்து வேறு ஆள் தேடிக்கொள்ளலாம். இதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. தொழில் அப்படி.

யெர்காவின் ஜோடி போல்மிர். ஆற்றில் விலாங்கு பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. குறட்டை விட்டால் கூரை அதிரும். பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு அதன் காய்ந்த தோலை யெர்காவின் பையில் போட்டுவிடுவான். "உன் புருஷனா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், "சீ, இவனையா?" என்று அவள் காறித் துப்புவாள். ஆனாலும் இருவரும் சேர்ந்து உப்பு வண்டிக்குக் காவல் போனார்கள், மணப்பெண்களை மலை தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள், வேலித் தகராறில் இரண்டு பிரபுக்களுக்காக மாறி மாறி அடி வாங்கினார்கள். ஒரு கோடை முழுவதும் ஒரு டிராகன் முட்டைக்குக் காவல் இருந்தார்கள். கடைசியில் அது வெறும் பாறை என்று தெரிந்தது. அந்தக் கூலியை மட்டும் இருவரும் வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

போன இலையுதிர் காலத்தில் போல்மிரின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. யாரையும் காப்பாற்றப் போய்ப் போகவில்லை. கோட்டை முற்றுகையில் கல்லெறி பொறியின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது எவனோ ஒரு கெட்ட கதை சொன்னான். இவன் விழுந்து விழுந்து சிரித்தான். கயிறு நழுவியது, கையை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

பனிக்காலம் முழுவதும் தோல் பதனிடுகிற பட்டறையின் பரணில் இருவரும் கிடந்தார்கள். பார்லிக் கஞ்சியும் டர்னிப் கிழங்கும்தான் சாப்பாடு. வலது முழங்கையில் கேடயத்தை வார் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடது கையால் தடி பிடிக்கப் போல்மிர் பழகினான். முதல் மாதம் முழுவதும் தடி கீழேதான் கிடந்தது. யெர்கா அதைக் குனிந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

சந்தையின் முதல் நாள் ஏழு பேர் அவளைத் தேடி வந்தார்கள். ஏழு பேரும் ஒரே பேச்சு.

"அறுத்துட்டு வா யெர்கா, இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"அறுக்க மாட்டேன். ரெண்டு பேரையும் எடு, இல்லாட்டி நடையைக் கட்டு."

"உன் உயிரைக் காப்பாத்தினானா அவன்?"

"இல்லை."

"அப்புறம் என்ன கடன்?"

"கடனே இல்லைய்யா. கடன் இருந்தாத்தான் கூட இருக்கணுமா? என் ஜோடியை எப்ப அறுக்கணும்னு எனக்குத் தெரியும். நீ போ."

இரண்டாம் நாள் யாரும் கிட்டவே வரவில்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள், "கிழவியும் முக்கால் ஆளும்" என்று பாட்டுக் கட்டிப் பாடினார்கள். போல்மிர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். மத்தியானம் வெடித்துவிட்டான்.

"அறுத்துத் தொலையேன்டி. உன் முரட்டுப் பிடிவாதத்துக்கு நான்தான் கிடைச்சேனா? ஊரே சிரிக்குது. எனக்குப் பிச்சை போடறியா?"

"வாயை மூடு. உனக்குப் பிச்சை போட என்கிட்ட என்ன இருக்கு? ஒரு துண்டு கருவாடு இருக்கு, அதையும் காலையில நீதான் தின்னே."

மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் வேலை கிடைக்காதவர்கள் கோட்டைக்கு வெளியே போய்விட வேண்டும். ஆயுதம் வைத்திருக்கிற சும்மா ஆட்களை மதிலுக்குள் தங்க விட மாட்டார்கள். வெளியே போனால் அந்த வருஷம் போயிற்று. விவசாயிகளின் கொட்டகையில் கெஞ்சி வைக்கோல் மேல் படுக்க வேண்டியதுதான். அன்று உச்சி வெயிலில் சவ்ரிக் வந்தான். ஹாஸ்தன் பிரபுவின் படைத்தலைவன். போன வருஷம் யெர்கா உடைந்த மதிலுக்குள் முதல் ஆளாகப் புகுந்ததைக் கண்ணால் பார்த்தவன். அவளை விட்டுவிட அவனுக்கு மனமில்லை.

"மரியாதையாக் கேக்கறேன். அறுத்துட்டு வா."

"மரியாதையாச் சொல்றேன். மாட்டேன்."

"அப்படின்னா தோலை மிதிக்க விடு."

சுற்றியிருந்தவர்கள் எழுந்து வந்து கூடினார்கள். கூலிக்கு ஆள் எடுக்கிற எவனுக்கும் அந்த உரிமை உண்டு. ஜோடி தோலின் மேல் முதுகோடு முதுகாக நிற்க வேண்டும். எடுக்கிறவனின் ஆட்கள் இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவராகத் தடியோடு வருவார்கள். சந்தை மணியக்காரர் முரசில் நூறு அடி அடித்து முடிப்பதற்குள் அந்த ஆட்களின் கால் தோலில் படக் கூடாது. படாவிட்டால் ஜோடிக்கு முழுக் கூலி, இரண்டு பேரையும் எடுத்தே ஆக வேண்டும். பட்டுவிட்டால் மணியக்காரரே தோலை அறுத்துவிடுவார்.

"வரச் சொல்லு உன் ஆளுங்களை," என்று யெர்கா எழுந்தாள். முழங்கால் கடகடத்தது. அவள் பின்னால் போல்மிர் கேடயத்தின் வாரைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டான்.

முரசு தொடங்கியது. சவ்ரிக்கின் ஆட்கள் இரண்டு பேரும் மலை மாடு மாதிரி இருந்தார்கள். யெர்கா தன் எதிரில் வந்தவனின் முழங்கையில் ஒன்று வைத்தாள், கணுக்காலில் ஒன்று வைத்தாள். முப்பது அடி போயிற்று. ஐம்பது போயிற்று. அவள் முதுகில் போல்மிரின் முதுகு முட்டிக்கொண்டே இருந்தது, அசையவில்லை. எழுபத்தோராவது அடியில் அவளுக்குப் பின்னால் ஒரு தடி முறிகிற சத்தம் கேட்டது. போல்மிர் முனகினான்.

யெர்கா திரும்பிப் பார்த்தாள்.

போல்மிர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். முறிந்தது எதிராளியின் தடி. அந்த ஆள் வெறுங்கையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். யெர்கா மறுபடி தன் பக்கம் திரும்பியபோது பூட்ஸ் கால் ஒன்று தோலின் மேல் இருந்தது. அவள் பக்கத்தில்.

முரசு நின்றது. சவ்ரிக் கைகொட்டிச் சிரித்தான். மணியக்காரர் நல்ல மனுஷர். வருத்தத்தோடுதான் கொக்கிக் கத்தியை எடுத்தார். பத்தொன்பது வருஷத் தோல் நான்கே இழுப்பில் இரண்டாகிவிட்டது.

"அறுக்க மாட்டேன்னே. நான் அறுத்துக் குடுத்துட்டேன்," என்றான் சவ்ரிக். "இப்ப உன் பாதியைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பு."

"உன் பிரபு அவன் அரண்மனையையே எழுதிக் குடுத்தாலும் வர மாட்டேன். போடா."

அவன் முகம் சிவந்தது. ஆனால் சந்தைக்குள் வாளை உருவினால் யாராயிருந்தாலும் கை போய்விடும். வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டு போனான்.

யெர்கா திரும்பினாள். போல்மிர் தன் பாதித் தோலை இடுக்கிக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய், அதைத் தனியாக விரித்து உட்கார்ந்திருந்தான். அவள் அருகே போனதும் நிமிர்ந்து பார்க்காமலே பேசினான்.

"என் பக்கம் எதுக்குடி பாத்தே?"

யெர்கா அவன் எதிரில் வந்து நின்றாள்.

"மூணு நாளா ஊர்க்காரன் ஒவ்வொருத்தன்கிட்டயும் சண்டை போட்டியே, போல்மிர் முழு ஆளு, போல்மிர் முழு ஆளுன்னு. உனக்கே நம்பிக்கை இல்லைன்னா எதுக்கு அந்தச் சத்தம்? அந்தப் பாட்டுப் பாடற பசங்க தேவலைடி. மனசுல பட்டதைப் பாடறானுங்க."

யெர்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூக்கு உடைந்த இரண்டு முறையும் இப்படி வலித்ததில்லை. எத்தனை பேரிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசினாள்! அத்தனை பேச்சுக்கும் அடியில், பனிக்காலம் முழுவதும் தடியைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவள் ஒருத்தி அவளுக்குள் இருந்திருக்கிறாள். அந்த ஒருத்தியைத்தான் யெர்கா எதிர்த்திருக்க வேண்டும். எதிர்க்கவில்லை.

"தப்பு என்னுது," என்றாள். "உன் பக்கம் நல்லாத்தான் இருந்தது. என் பக்கத்தை விட்டவ நான்தான். திரும்ப என்கூட உக்காருவியா?"

"யோசிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"உனக்கென்ன அவசரம்? வேலையா காத்துக்கிட்டிருக்கு?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள். முழங்கால் வலித்தது, உட்காரவில்லை. எதிர்வரிசை இளவட்டங்கள் இப்போது பாடவில்லை. கடைசியில் போல்மிர் எழுந்து, தன் பாதித் தோலை அவள் மூஞ்சிமேல் வீசினான்.

"தை."

சேணம் தைக்கிறவனிடம் போய் ஊசியும் மெழுகு நூலும் வாங்கி வந்து, மைதானத்தின் நட்டநடுவில் உட்கார்ந்து யெர்கா தைக்கத் தொடங்கினாள். தோலின் ஓர் ஓரத்தைப் போல்மிர் காலால் மிதித்துக்கொண்டான், மறு ஓரத்தைக் கையால் இழுத்துப் பிடித்தான். மணியக்காரர் தாடியைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அறுத்த தோலைத் தைக்கற வழக்கம் இல்லையேம்மா."

"தைக்கக் கூடாதுன்னு வழக்கம் இருக்குதா?"

அவர் நெடுநேரம் யோசித்தார். "அப்படியும் இல்லை."

"அப்ப வெயிலை மறைக்காம நகருங்க ஐயா."

தையல் கோணல்மாணலாக வந்தது. முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. யாரும் அவர்களை எடுக்கவில்லை. காவலர்கள் வந்து வாசலைக் காட்டினார்கள். இருவரும் தோலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனியாமல் வெளியே நடந்தார்கள்.

மறுநாள் காலை கோட்டைக்கு வெளியே, கணவாய்ச் சாலை ஓரத்தில், தைத்த தோல் விரித்துக் கிடந்தது. அப்படிச் சாலையில் தோல் விரிப்பதும் வழக்கம் இல்லைதான். பதினான்கு கோவேறு கழுதைகளோடு உப்பு வியாபாரி மிர்சேன் அந்தப் பக்கம் வந்தாள். இருந்த ஜோடிகளையெல்லாம் ஹாஸ்தன் பிரபு அள்ளிக்கொண்டு போய்விட்ட கோபத்தில் இருந்தாள் அவள். தையலைப் பார்த்தாள், போல்மிரின் மொட்டைக் கையைப் பார்த்தாள், யெர்காவைப் பார்த்தாள்.

"கணவாயில இப்ப பாறைப் பூதங்க பசியோட இருக்கும், அக்கா. எனக்கு வேற வழியில்லை, அதனால கேக்கறேன். இவரு பக்கத்தை யாரு பாத்துக்குவா?"

"இவன் பக்கத்தை இவன் பாத்துக்குவான்," என்றாள் யெர்கா. "நான் என் பக்கத்தைப் பாத்துக்குவேன். இஷ்டம்னா எடு."

மிர்சேன் எடுத்தாள். ஐந்தாம் நாள் கணவாயின் குறுகலான வளைவில் பூதங்கள் இறங்கின. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தன. அவை எப்போதும் அப்படித்தான் வரும். யெர்கா கழுதை வரிசையின் முன்னால் நின்றாள், போல்மிர் பின்னால். அவளுக்குப் பின்னாலிருந்து கல் மேல் கேடயம் மோதுகிற ஓசை வந்தது. கழுதை ஒன்று அலறியது. போல்மிர் கத்துவது கேட்டது. வலியில் கத்துகிறானா, வெறியில் கத்துகிறானா, தெரியவில்லை. அவள் பிடரி முழுவதும் குறுகுறுத்தது. கழுத்து தானாகவே திரும்பப் போனது, அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தன் எதிரில் இருந்த பூதத்தின் விரல்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். அது ஊளையிட்டுக்கொண்டு பாறை மேல் ஏறி ஓடும்வரை வெட்டினாள்.

எல்லாம் ஓய்ந்தபின் போல்மிர் முன்னால் வந்தான். மூக்கு உடைந்து ரத்தம் முகவாயில் வழிந்துகொண்டிருந்தது. கேடயம் நடுவில் பிளந்திருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"எப்படி அடிச்சேன் பாத்தியா?"

"பாக்கலை," என்றாள் யெர்கா.