ஜிம்மி தின்ற கிஸ்மிஸ்

ஜோயல், ஜெனி, என் செல்ல மக்களே, இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்து, சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பிய கேக்கை எல்லாரும் சாப்பிட்டோம். மத்தியானம் நம் ஜிம்மி வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டது. எலிமருந்தைத் தின்றுவிட்டதோ என்று பயந்து, அதன் வாயில் ஊற்ற உப்புத்தண்ணீர் கரைத்தேன்.

"ஏலே, நாய்க்கு என்னத்தக் குடுத்திய?" என்று கத்தினேன்.

ஜெனி, நீ கதவுக்குப் பின்னால் நின்று அழுதாய். "அடிக்க மாட்டியள்லாப்பா? கேக்குல கெடந்த கிஸ்மிஸ எல்லாம் பொறுக்கி அதுக்குப் போட்டுட்டேன்."

"ஒனக்குப் பிடிக்காததெல்லாம் அதுக்குத்தானட்டி" என்றாய் நீ, ஜோயல்.

கிஸ்மிஸ் என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டேதான் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு, உப்புத்தண்ணீர் கரைத்ததையும் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "அண்ணாச்சி, திராட்சையும் கிஸ்மிஸும் நாய்க்கு விஷம். கிட்னி போயிரும். உப்புத்தண்ணிய ஊத்திராதீய, அதுவும் ஆபத்து. உடனே தூக்கிட்டு வாங்க."

சில நாள் ட்ரிப் ஏற்றியதில் ஜிம்மி பிழைத்தது. "என்ன தின்னுச்சுன்னு பாப்பா உடனே சொன்னதுனால தப்பிச்சுது" என்றார் டாக்டர்.

வீடு திரும்பும் வழியெல்லாம், ஜெனி, நீ முதலில் கேட்ட 'அடிக்க மாட்டியள்லாப்பா?' என்ற கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தில் நீ வாயைத் திறக்காமலே இருந்திருந்தால்?

நீங்கள் வாசலில் ஜிம்மியைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, நான் அலமாரிக்கு மேலிருந்த பிரம்பை எடுத்து, ஒடித்து, வெந்நீர் அடுப்பில் வைத்தேன்.