தேவரீர் அக்கவுண்ட்

என் ஆத்துக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. சொந்தக்காரர்கள் எந்த தேசத்தில் இருந்தாலும், ஸ்ரீரங்கத்தில் ஒரு அர்ச்சனைக்குப் பணம் கட்ட வேண்டுமென்றால் இவர் அக்கவுண்டில்தான் போடுவார்கள். இவர் கோயிலில் கட்டிவிட்டு, பிரசாதத்தைக் கூரியரில் அனுப்பி வைப்பார். கூரியர் செலவு எங்களுடையது. ஊருக்கு உபகாரம், வீட்டுக்கு உபத்திரவம்.

போன மார்கழியில் முன்பின் தெரியாத ஒருவன் போன் செய்தான். எடுத்ததுமே ‘அடியேன்’ என்றான். ஸ்பீக்கரில் போட்டு ஊரைக் கூட்டுவதுதான் இவர் வழக்கம் என்பதால் நானும் கேட்டேன்.

“வெளிநாட்டு பக்தர்கள் கைங்கர்யத்துக்கு அனுப்பற பணம் தேவரீர் அக்கவுண்டுக்கு வரும். அதை அடியேன் சொல்ற எடத்துக்கு அனுப்பிடணும். கொஞ்சம் சம்பாவனையா தேவரீர் எடுத்துக்கலாம்.”

சம்பாவனை என்பது கமிஷனுக்கு நாமம் போட்ட பெயர். இவரை இதுவரை யாரும் தேவரீர் என்று கூப்பிட்டதில்லை. நான் கூப்பிடுவதெல்லாம் வேறு. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“ஏன்னா, பெருமாளுக்கு உண்டியல் இல்லையா? உங்க அக்கவுண்ட் எதுக்கு?” என்று கேட்டேன்.

“பக்தாளைச் சந்தேகப்பட்டு பாகவத அபசாரம் பண்ணாதேடி” என்றவர், அக்கவுண்ட் நம்பரையும் அவனுக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பணம் வந்தே விட்டது. அனுப்பியது யாரோ ஒரு பெண். அந்த அடியேன் மூச்சுவிட நேரம் கொடுக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். “சீக்கிரம் அனுப்புங்கோ. பேங்க்ல கேட்டா சொந்தக்காரர் பணம்னு சொல்லிடுங்கோ.” பக்தன் எதற்குப் பொய் சொல்லச் சொல்வான்? எங்கோ ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தைக் கைமாற்ற அவனுக்கு அடுத்தவர் அக்கவுண்ட் வேண்டியிருக்கிறது. மாட்டப்போவது இந்த அசடுதான்.

அதே அக்கவுண்டில்தான் என் முழங்கால் ஆபரேஷனுக்கான பணமும் இருந்தது. தை மாதம் செய்வதாக ஏற்பாடு.

இவருக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், “பேங்க்ல சொன்னா அக்கவுண்டை முடக்கிடுவா. உன் கால் என்னாறது? அவனுக்கே அனுப்பித் தொலைச்சுட்டு நம்பரை பிளாக் பண்ணிடலாம்டி” என்றார்.

பொய் சொல்வானேன், எனக்கும் சபலம் தட்டியது. படி ஏறினால் உயிர் போய் வரும் கால் அது. ஆனால் போன் திரையில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அவள் பணத்துக்கும் ஏதாவது ஒரு கால் காத்திருக்குமே.

“வலிக்கறது எனக்குத்தானே. ஆட்டோ கூப்பிடுங்கோ” என்றேன்.

பேங்கில் எழுதிக் கொடுத்தோம். பாலம் தாண்டி திருச்சிக்குப் போய் சைபர் போலீஸிலும் கொடுத்தோம். பணத்தை அனுப்பியிருந்தால் நீங்களும் கேஸில் மாட்டியிருப்பீர்கள் என்றார்கள். பேங்கில் அக்கவுண்டை முடக்கவும் முடக்கினார்கள். பணம் வராது என்று தெரிந்ததும் அந்த அடியேன் கூப்பிட்டு இவர் பரம்பரையையே திட்டித் தீர்த்தான். தேவரீர் ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் தவித்தார்.

தை போய் மாசி வந்தது. நான் நொண்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அமெரிக்காவிலிருந்து இவருடைய ஒன்றுவிட்ட தம்பி கூப்பிட்டான். “அண்ணா, ஒரு அர்ச்சனைக்கு வழக்கம்போல உங்க அக்கவுண்ட்ல போட்டுடட்டுமா?”

இவர் என் காலைப் பார்த்தார். “கோயிலுக்கே நேரா கட்டிடுடா. இனிமே என் அக்கவுண்ட் இவ காலுக்கு மட்டும்தான்” என்றார்.

முடக்கிய அக்கவுண்டை அன்றுவரை திறந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.