வலது நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி

கல்கத்தாவில் எனக்கு மத்திய அரசு வேலை கிடைத்தபோது, சேருவதற்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம். பொன் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கப்படி மஞ்சள்கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். வெறும் கழுத்தோடு போக எனக்குத் துணிவில்லை. எக்ஸ்ரே அறையில் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

"பௌதி, உலோகம் ஏதாவது இருக்கா?" என்று படமெடுப்பவர், அண்ணி முறை வைத்து, வங்காளத்தில் கேட்டார். இல்லை என்றேன். பொய்யில்லையே.

மறுநாள் டாக்டர் ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்து, வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறது என்றார். காசநோயாக இருக்கலாம், ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். வேலை போனால் போகட்டும். வீட்டில் மூன்று வயது மகள், என் மடியை விட்டு இறங்காதவள்.

அன்றிலிருந்து அவளைக் கிட்டே விடவில்லை. எனக்குத் தட்டு தனி, படுக்கை தனி. லேக் கார்டன்ஸ் வீட்டில் எங்களுக்கு இருந்ததே இரண்டு அறை. என் அறை வாசலுக்கு அவள் ஓடி வந்தால், "அங்கேயே நில்லு" என்று அதட்டுவேன். பிறகு சுவரைப் பார்த்து அழுவேன்.

ஆறுதல் சொல்லத் தெரியாத கணவர் பாடம் எடுத்தார். "எக்ஸ்ரேயும் வெளிச்சம் மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாது. சதையில புகுந்து போயிடும், எலும்புல தடைபடும். தடைபட்ட இடம்தான் வெள்ளையாத் தெரியும். கண்டுபிடிச்சவருக்கே என்னன்னு புரியலை, அதான் எக்ஸ்னு பேர் வச்சாராம்."

"அவருக்கே புரியாததை நம்பியா நான் குழந்தையைத் தள்ளி வச்சிருக்கேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

எட்டாம் நாள் கணவரோடு போனபோது கரண்ட் இல்லை. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து என் இருமலையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகப் படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு ஃபிலிமையும் சேர்த்துப் பிடித்தார். புள்ளி இப்போது இடது பக்கம் இருந்தது.

"நோய் இப்படி இடம் மாறாதே. கழுத்தில் என்ன?" என்றார்.

கயிற்றை முதுகிலிருந்து இழுத்துக் காட்டினேன். மஞ்சள்கிழங்கை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"உலோகம் மட்டும்தான் தெரியும் என்று யார் சொன்னது? கெட்டியாக எது இருந்தாலும் நிழல் விழும். முதுகில் மறைத்தாலும் தெரியும்."

கயிற்றைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு எடுத்த மூன்றாவது படத்தில் புள்ளியே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். மகள் ஓடி வந்து, வாசலில் தானாகவே நின்றுவிட்டாள்.

"இங்கேயே நிக்கறேம்மா," என்றாள்.