ஓடுபாதை முனையில் சக்கரத்தம்மா

சக்கரத்தம்மா எவரையும் முதலில் முகத்தைப் பார்த்து அறிவதில்லை. காலைப் பார்த்தே அறிவார். பக்கத்து வீட்டில் வசிக்கும் நாத்தனாருக்கு வரன் அமைந்து, மாப்பிள்ளை முதன்முறையாக வீட்டுக்கு வந்த நாளில், கதவைத் திறந்த இவர், அவருடைய காலணிகள் இரண்டையும் உற்றுப் பார்த்து, அவை ஒழுங்காக இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே நிமிர்ந்து, "வாங்க" என்றாராம்.

"பாவம், எதையோ மிதிச்சிட்டு வந்துட்டோம்போலன்னு அந்த மனுஷன் திரும்ப வாசலுக்கே ஓடிட்டாரு அண்ணி" என்று நாத்தனார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

"ரெண்டு காலும் இருந்துச்சில்ல? அப்புறம் என்ன குறை?" என்பார் சக்கரத்தம்மா.

அந்தப் பார்வை தொழிலால் வந்தது. நகரத்தின் விளிம்பிலுள்ள விமானப்படைத் தளத்தில், ஓடுபாதை தொடங்கும் முனையில், நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த சிறு கூண்டு ஒன்று உண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் நேராகப் பேசும் தொலைபேசி, கூரைத் துளையில் வானத்தை நோக்கிச் செருகிய ஒளித்துப்பாக்கி ஆகியவை இருக்கும். தரையிறங்க வரும் ஒவ்வொரு போர் விமானத்தையும் தொலைநோக்கியால் பார்த்து, மூன்று சக்கரங்களும் வயிற்றிலிருந்து வெளிவந்து நிற்கின்றனவா என்று சரிபார்ப்பதே அங்கே அமர்ந்திருப்பவரின் வேலை. சக்கரம் தெரியாவிட்டால் சிவப்பு ஒளிவெடியைச் சுட வேண்டும். அதைக் கண்ட விமானி மறுபேச்சின்றி மேலேறிவிட வேண்டும். சக்கரத்தம்மா இளம் வயதில் அந்தக் கூண்டுக்குள் நுழைந்தார். பெற்றோர் வைத்த பெயர் மறந்துபோய், விமானிகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

பழைய விமானங்களுக்கு அவருடைய கண்கள் தேவைப்பட்டன. தந்தையர் ஓட்டிய அதே விமானங்களைப் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் இறங்கிவிட்டது என்று விமானிக்குச் சொல்லும் பச்சை விளக்கு, சில நாள்களில் இறங்காமலேயே எரியும். சில நாள்களில் இறங்கிய பின்னும் எரியாது. "அந்த விளக்கு எங்க வீட்டுக்காரர் மாதிரி. கேட்டா 'எல்லாம் ஆச்சு'ன்னு சொல்லும், போய்ப் பார்த்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்பது சக்கரத்தம்மாவின் விளக்கம்.

வீட்டுக்காரர் வீட்டின் முன்னறையிலேயே தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்து வந்தார். எந்த அவசரமும் அவரை அண்டாது. மனைவியோ ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிலைகொள்ளாதவர். தெருமுனை வரை சென்றுவிட்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி வருவார். பார்த்துவிட்டுப் போனவர், கதவைப் பூட்டினோமா என்று மறுபடியும் வருவார். பேருந்து நிறுத்தத்தில் மற்றவர்கள் பேருந்தின் எண்ணைப் பார்க்கும்போது இவர் அதன் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணாடிக் கூண்டு ஒன்றுதான் அவருடைய பரபரப்புக்குச் சம்பளம் கொடுத்த இடம்.

இந்நிலையில்தான் புதிய விமானங்களைப் பற்றிய பேச்சு வலுத்தது. பழையவற்றை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாடுகள் கூடி வடிவமைத்த விமானங்களைக் கொண்டுவரப் போகிறார்கள். இறக்கை அங்கே, வால் இங்கே, இயந்திரம் இருவருக்கும் பொது என்பது ஏற்பாடு. சக்கரத்தம்மாவின் மகள் தொட்டிலில் கிடந்தபோது கையெழுத்தான ஒப்பந்தம் அது. மகள் இப்போது பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு சம்பந்தி வீடும் சேர்ந்து ஒரே வீடு கட்டுற கதைதான் இது. சமையலறை எந்தப் பக்கம்னு முடிவு பண்றதுக்குள்ள பேரனுக்கே மீசை முளைச்சிரும்" என்றார் நாத்தனார்.

ஆனால், விமானத்தைக் கட்டி முடித்தே விட்டார்கள். அது சக்கரத்தம்மாவின் வேலையை நேராகத் தாக்கியது. புதிய விமானம் சக்கரம் இறங்காவிட்டால் விமானியின் காதுக்குள் தானே பேசிச் சொல்லிவிடுமாம். கூண்டு தேவையில்லை என்றனர் கூட்டாளி நாட்டுப் பொறியாளர்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று தளத்தலைவர் வாதாடினார். முதல் விமானங்கள் வந்திறங்கும் நாளில் இரு தரப்பாரும் நேரில் பார்த்து முடிவெடுப்பது என்று பேசி வைத்தார்கள்.

அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர், ஓடுபாதைப் பணியாளர்களின் மேற்பார்வையாளர். பெரிய மீசை வைத்திருந்ததால் அவரும் பெயரை இழந்து மீசைக்காரர் ஆகிவிட்டவர்.

"அக்கா, ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன். அன்னிக்கு எல்லாம் அமைதியா நடந்தா கூண்டு இருக்கும், நீங்களும் இருப்பீங்க. ஏதாவது கலாட்டா ஆச்சுன்னா கூண்டைத் தூக்கிடுவாங்க. உங்களைக் கடலோரக் கிடங்குக்கு மாத்திடுவாங்க."

"அது ரயில்ல ஒரு பகல் முழுக்கப் போகணுமே!"

"அதனாலதான் சொல்றேன். அன்னிக்கு ஒருநாள் மட்டும் கையைக் கொஞ்சம் அடக்கி வைங்க."

மகளைப் பரீட்சை ஆண்டில் விட்டுவிட்டுப் போவதா? வாடிக்கையாளர்களைச் சேர்க்கப் பாதி ஆயுளைச் செலவிட்ட கணவரை, கடையை மூடிவிட்டு வரச் சொல்வதா? சக்கரத்தம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, விமானங்கள் வரும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. ஒருமுறை வானிலை சரியில்லை என்றார்கள். ஒருமுறை அமைச்சருக்கு நேரமில்லை என்றார்கள். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் வீட்டில் ஏதோ ஒன்று கலைந்தது. திரைச்சீலைகள் இரண்டு முறை துவைக்கப்பட்டன. அலமாரி சுவரை விட்டு நகர்ந்து, பின் திரும்பி வந்தது. கணவரின் எண்ணெய்க் குப்பியை எடுத்து எல்லாக் கதவுகளின் கீல்களுக்கும் விட்டதால், வீட்டில் ஒரு கதவும் சத்தமிடவில்லை. பள்ளியிலிருந்து வந்த மகள் பின்னால் நிற்பதை அறியாமல் திரும்பிய சக்கரத்தம்மா அலறிய அலறலில், நாத்தனார் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அண்ணே, உங்க பொண்டாட்டியைக் கொஞ்சம் உட்கார வைங்களேன்" என்றார் அவர்.

"உட்கார வச்சா நாற்காலியைக் கழட்டிடுவா" என்றார் அண்ணன், ஊசியில் நூல் கோத்தபடியே.

ஒருவழியாக விமானங்கள் வரும் காலை விடிந்தது. கோபுரத்தருகே பந்தல், விருந்தினருக்கு நாற்காலிகள். சக்கரத்தம்மா தொலைநோக்கியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். நான்கு புதிய விமானங்கள் தளத்தின் மேல் ஒன்றாகப் பறந்து சென்று, பிறகு ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. முதல் விமானம் வளைந்து பக்கவாட்டில் வந்ததால் மூன்று சக்கரங்களும் தெளிவாகத் தெரிந்தன.

இரண்டாவது விமானம் நேர்கோட்டில் வந்தது. வரும்போது விளக்கை எரியவிட்டிருந்தது. பழைய விமானங்களில் அந்த விளக்கு இறக்கையில் இருக்கும். புதியதில் முன்சக்கரத்தைத் தாங்கும் காலிலேயே பொருத்தியிருந்தார்கள். தொலைநோக்கியில் வெண்ணிற ஒளி ஒன்றுதான் நிறைந்தது. அதற்குக் கீழே கால் இருக்கிறதா, சக்கரம் இருக்கிறதா என்று ஒன்றும் தெரியவில்லை. அவர் தொலைநோக்கியை இறக்கி வெறுங்கண்ணால் பார்த்தார்; மீண்டும் ஏற்றினார். ஒளி பெரிதாகிக்கொண்டே வந்தது.

இருக்கும் என்று அவருடைய மனம் சொல்லிற்று. முதலாவதற்கு இருந்ததே, இதற்கும் இருக்கும். காதுக்குள் பேசும் விமானம், பேசாமலா இருந்திருக்கும்? மகளின் பள்ளிப்பை, கணவரின் கடைப் பலகை, மீசைக்காரரின் குரல் எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. ஆனால், இருக்கும் என்று நினைப்பதற்கு அந்தக் கூண்டில் எவருக்கும் சம்பளம் தரப்படுவதில்லை.

அவர் சுட்டார்.

சிவப்பு ஒளி மேலெழுந்து சிதறியது. விமானம் பாதையைத் தொடவிருந்த நேரத்தில் மூக்கை உயர்த்தி, கூண்டின் கண்ணாடிகள் அதிர மேலேறிச் சென்றது. தலைக்கு மேல் அது கடந்தபோது, அதன் வயிற்றுக்குக் கீழே மூன்று சக்கரங்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இருந்தன. புத்தம் புதிய, கறுத்த, இந்தத் தரையை இன்னும் தொடாத சக்கரங்கள்.

தொலைபேசி ஒலித்தது.

"அக்கா!" என்றார் மீசைக்காரர்.

"பார்த்துட்டேன்" என்றார் சக்கரத்தம்மா. "மூணும் இருக்கு."

மற்ற விமானங்கள் வானில் சுற்றிக் காத்திருந்து, விளக்கை அணைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கின. பந்தலில் பரிமாறிய தேநீர் ஆறிப்போயிற்று.

பிற்பகலில் தளத்தலைவரின் அறைக்கு அவரை அழைத்தார்கள். தலைவருக்குப் பக்கத்தில் கூட்டாளி நாட்டுப் பொறியாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். மொழி தெரியாத அவருக்குத் தலைவரே எடுத்துச் சொன்னார். சக்கரத்தம்மா இருவரின் காலணிகளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சக்கரம் இறங்கியிருந்துச்சேம்மா?" என்றார் தலைவர்.

"இறங்கியிருந்துச்சு, சார். எனக்குத் தெரியல. வெளிச்சம் மறைச்சிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

"இவர் ஒண்ணு கேட்கிறார். நாளைக்கு இதே மாதிரி வெளிச்சத்தோட வந்தா என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருப்பது அவருக்குப் புரிந்தது. இனி விமானத்தையே நம்பிக்கொள்கிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கூண்டும் நிலைக்கும், வீடும் கலையாது. தலைவரும் அதைத்தான் எதிர்பார்த்து, தலையை மெல்ல அசைத்துக் காட்டினார். சக்கரத்தம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"தெரியலைன்னா சுடுவேன், சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன், சார். மறுபடியும் தெரியலைன்னா, மறுபடியும் இதே தப்பைத்தான் செய்வேன்."

தலைவர் அதை மொழிபெயர்த்தார். பொறியாளர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். விளக்கை அந்தக் காலில் வைக்கச் சொன்னது எங்கள் தரப்பு அன்று, உங்கள் தரப்புத்தான் என்று அவர் சொன்னதாகப் பின்னர் மீசைக்காரர் வழியாகத் தெரிந்தது. தினமும் அதை அணைத்துக்கொண்டு இறங்கவோ, சற்றே இடம் மாற்றவோ இரு நாடுகளும் கூடிக் கையெழுத்திட வேண்டும். அதைவிட, ஒரு பெண்மணியிடம் பார்க்க வேண்டாம் என்று சொல்வது எளிது.

அவ்வாறே முடிவாயிற்று. புதிய விமானங்களுக்குக் கூண்டு இல்லை. பழைய விமானங்கள் அடுத்த கோடை வரை பறக்கும். அதுவரை அவற்றுக்கு மட்டும் சக்கரத்தம்மா காவல் இருக்கலாம். அதன் பிறகு கடலோரக் கிடங்கு.

அன்று மாலை அவர் வீட்டில் இதைச் சொன்னபோது, மகள் முதலில் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"அதுக்குள்ள எனக்குப் பரீட்சை முடிஞ்சிரும்மா."

"உங்கப்பா கடை?"

கணவர் இயந்திரத்தின் அடிப்பாகத்திலிருந்து தலையை வெளியே எடுத்தார். "கடலோரத்துல இருக்கிறவங்க எல்லாம் துணியைக் கையாலயா தைக்கிறாங்க? உப்புக் காத்துக்கு மெஷின் சீக்கிரம் துருப்பிடிக்கும். எனக்கு அங்கேதான் வேலை அதிகம்."

"அப்ப நான் யாரோட சண்டை போடறது?" என்று கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார் நாத்தனார்.

வீட்டில் அனைவருக்கும் மனம் அடங்கிற்று, சக்கரத்தம்மா ஒருவரைத் தவிர. மறுவாரம் பழையனவும் புதியனவும் அதே ஓடுபாதையில் மாறி மாறி இறங்கத் தொடங்கின. பழையது வந்தால் பார்க்க வேண்டும். புதியது வந்தால் பார்க்கக் கூடாது. அதைவிடக் கடினமான கட்டளையை அவர் தம் பணிக்காலத்தில் பெற்றதில்லை. முதல் நாளே தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, வர்றது புதுசு. பார்க்காதீங்க."

"பார்க்கல தம்பி."

"தொலைநோக்கி வெயில்ல மின்னுது, இங்கேருந்து தெரியுது."

"துடைக்கிறேன்."

"கண்ணுல வச்சுக்கிட்டேவா?"

சக்கரத்தம்மா தொலைபேசியை வைத்தார், தொலைநோக்கியை வைக்கவில்லை. தொலைவில் வெள்ளை ஒளி தோன்றி வளர்ந்தது. கால் தெரியவில்லை, சக்கரம் தெரியவில்லை. அவருடைய வலக்கை மேசையை விட்டு எழுந்து, கூரைத் துளையை நோக்கித் தானே நகர்ந்தது. அவர் அதைப் பிடித்து இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். விமானம் கூண்டைத் தாண்டியது. சக்கரங்கள் பாதையைத் தொட்டன; கீச்சென்ற ஒலியுடன் இரண்டு புகைக்கீற்றுகள் எழுந்தன. கை மரத்துப்போயிருந்தது. அதை எடுத்து உதறுவதற்குள் வானத்தின் கோடியில் இன்னொரு புள்ளி தெரிந்தது. அது பழையதா, புதியதா என்று தெரியும் முன்பே அவர் எழுந்து நின்றுவிட்டார்.