மீன் சட்டியில் ஒட்டிய ஆங்கிலம்

என் வீட்டு மீன் சட்டியின் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் ‘ஃபிஷ்’, அதற்குக் கீழே ‘ஃபிஸ்டுலா’. பகல் முழுக்கக் குன்னத்துகால் ஊரில் முட்டியூன்றி டைல்ஸ் பதித்துவிட்டு வந்து சோற்றுக்கு உட்காருகிறவன் படிக்கவேண்டியது இதையா? ஃபிஸ்டுலா என்றால் என்னவென்று கேட்டுத் தொலைத்தேன். மனைவி நர்ஸ். ஆசனவாய்ப் பக்கம் சீழ் பிடித்துத் துளை விழுவது என்று விளக்கமாகவே சொன்னாள். அன்று எனக்கு மீன் இறங்கவில்லை.

எல்லாம் அவளுடைய கோச்சிங் மாஸ்டர் பார்த்த வேலை. அயர்லாந்துக்குப் போக ஆங்கிலப் பரீட்சை பாஸாக வேண்டும். அவள் இரண்டு தடவை பேச்சுப் பகுதியில் தோற்றிருந்தாள். தெரிந்த வார்த்தை ஒன்றோடு, ஆங்கிலத்தில் அதே முதல் மூன்று எழுத்தில் தொடங்கும் தெரியாத வார்த்தையைச் சேர்த்துப் படித்தால் மறக்காது என்று அந்த மனிதர் சொல்லிக்கொடுத்துவிட்டார். சொல்லிவிட்டு அவர் நெய்யாற்றின்கரையில் நிம்மதியாக இருந்தார். இங்கே தலையணையில் ‘பில்லோ, பில்ஃபர்’, கண்ணாடியில் ‘மிரர், மிர்த்’, அரிசி வாளியில் ‘ரைஸ், ரிக்கோஷே’. அரிசிக்கும் தோட்டா தெறிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், “முதல் மூணு எழுத்து” என்பாள். வீட்டில் தமிழ், ஜங்ஷனில் மலையாளம் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் செல்லோ டேப் கிழித்துக் கொடுப்பாள். ஒரு நாள் என் சட்டையிலும் ஒன்றை ஒட்டினாள். ‘ஹஸ்பண்ட், ஹஸ்க்கி’.

“ஹஸ்க்கின்னா தொண்ட கரகரன்னு இருக்கது அப்பா.”

“எனக்குத் தொண்ட நல்லாத்தான் உண்டு மக்கா. அத எடு.”

இதைவிடப் பெரிய தொல்லை ரோகியாக நடிப்பது. பரீட்சையில் ஒருவர் ரோகியாக வருவாராம், நர்ஸ் அவரைப் பேசிச் சமாதானப்படுத்த வேண்டுமாம். அதற்காக நான் வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் கிடக்க வேண்டும். கோபக்கார ரோகி என்றால் எனக்கு நடிக்கவே வேண்டாம். ஆனால் வயிறு வலிக்கிறது என்று நான் வாயைத் திறந்ததும், அவள் ஒட்டிவைத்த புது வார்த்தைகளையெல்லாம் எடுத்து என்மேல் கொட்டுவாள். இல்லாத வலியும் வந்துவிடும்.

பாஸானால் அவள் போய்விடுவாள், மகளும் நானும் இங்கே. தோற்றால் அழுவாள், அதைப் பார்க்க என்னால் முடியாது. எதற்கு ஆசைப்படுவது என்றே தெரியாமல் மாதக்கணக்கில் ரோகியாகக் கிடப்பது லேசான காரியமா?

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் எனக்குக் கொடுத்த ரோகி, நர்ஸ் அறையை விட்டுப் போனால் பயப்படுகிறவன். “நீங்க தமிழ்லயே சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல பதில் சொல்லுதேன்” என்றாள்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “நீ போயிட்டா நான் என்ன செய்யதுக்கு? பிள்ளைக்கு முடி பின்னக்கூட எனக்குத் தெரியாது.”

அந்த ரோகிக்குப் பிள்ளை இருப்பதாக அவள் எங்கும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டோண்ட் வொரி. ஐ ஆம் ஹியர்” என்றாள். குரல் நடுங்கியது. அடுத்த நொடி கையை விட்டுவிட்டு எழுந்தாள்.

“இப்பத்தான் சரியா வந்துது. ஒரு புது வார்த்தகூட இல்லாம, பாத்தீங்களா? நாளைக்கும் இப்படியேதான் சொல்லணும்.”

வந்த ஆத்திரத்தில் அரிசி வாளிக் காகிதத்தைப் பிய்த்து எறிந்தேன். அவள் போனால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பாஸாகிவிட்டாள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். மறுநாள் சாயங்காலம் வீடியோ காலில் வந்தாள். மகளின் கோணல் பின்னலைத்தான் முதலில் பார்த்தாள். சாப்பிட்டீங்களா என்று என்னைக் கேட்டாள். சாப்பிட்டாச்சு என்றேன்.

“தொண்டைக்கு என்ன?”

நான் ஏதாவது சொல்வதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “ஹஸ்க்கி அம்மா.”

திரையில் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கவலப்படாதீங்க. நான் இங்க உண்டு.”

“நீ அங்கயாக்கும் உண்டு” என்றேன்.