கடதாசியின் பின்பக்கம்

பிள்ளைகள், இதை எழுதி வைப்பது, பிறகு நீங்கள் கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது என்பதால்தான். எழுதினாலும் ஒழுங்காக வருமோ தெரியாது.

உங்கள் அம்மாவின் அப்பா எனக்கு மாமா. அவருடைய தகப்பன் கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்து மலையாளி. கப்பல் ஓடின காலத்தில் தலைமன்னாருக்கு வந்து, தேத்தண்ணிக்கடை வைத்து, ஞானஸ்நானம் எடுத்து இங்கேயே கலியாணம் கட்டினவர். மாமாவுக்கு ஆறு வயதாக இருக்கேக்க அவர் செத்துப்போனார். ஊரில் மாமாவுக்கு இன்றைக்கும் பட்டம் 'மலையாளத்தான்ர மோன்'. அவருக்கு மலையாளத்தில் ஒரு சொல்லும் தெரியாது.

போன வருசம் அங்கேயிருந்து ஒரு பெண் வந்தா. அந்த மலையாளியின் தங்கச்சியுடைய பேத்தி. பழைய கடிதமொன்றில், அவர் ஞானஸ்நானம் எடுத்த எங்கள் கோயிலின் பெயரைக் கண்டு பங்குச் சுவாமிக்கு எழுதியிருக்கிறா. "குடும்பக் காணி பிரிக்கினமாம், ஏதோ பத்திரம் வேணுமாம்" என்று மட்டும் சுவாமி சொன்னார்.

மகன் என்றபடியால் தன்னிடம் கையெழுத்துக் கேட்டு வருகிறா என்று மாமா நினைத்துவிட்டார். காணி அவருக்கு வேண்டாம். ஆனால் அந்த ஊர்க் கடதாசியில் 'இன்னாருடைய மகன்' என்று ஒருதரம் எழுத வேண்டும். அன்றைக்கு வெள்ளைச் சேட்டும் பொக்கற்றில் புதுப் பேனையுமாகக் காலை எட்டு மணிக்கே கதிரையில் இருந்தார்.

வந்தவ மெதுவாக மலையாளம் கதைக்க, நாங்கள் மெதுவாகத் தமிழ் கதைத்தோம். புட்டைப் பார்த்துச் சிரித்து, தங்கள் வீட்டிலும் காலையில் இதுதான் என்றா. எல்லாம் விளங்கினது. கதை காணிக்கு வந்தபிறகுதான் குழம்பினது.

"எங்க பிள்ளை ஒப்பம் வைக்கிறது?" என்று மாமா பேனையை எடுத்தார்.

"ஒப்பு வேண்டா மாமா." அவவுக்குத் தேவை, மாமாவின் தகப்பன் செத்துப்போனதற்குக் கோயில் பதிவின் பிரதி மட்டும். அவர்களுடைய பழைய வழக்கப்படி வீடும் காணியும் சகோதரிகளின் பிள்ளைகளுக்குத்தானாம், ஆண்களின் பிள்ளைகளுக்கு இல்லையாம்.

"அப்ப மகன் எண்டு நான் என்னத்துக்கு?"

அவ ஒரு பெரிய கடதாசியை விரித்தா. குடும்பத்து ஆட்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பெண்களின் பெயருக்குக் கீழே கோடுகள் இறங்கிக்கொண்டு போயின. ஆண்களின் பெயரோடு கோடு நின்றுவிட்டது. மாமாவின் தகப்பனுடைய பெயரைத் தொட்டுக் காட்டினா. கீழே வெறுமை.

"அவர் கலியாணம் கட்டினது உங்கட ஆக்களுக்குத் தெரியாதோ?" என்று நான் கேட்டேன்.

தெரியும் என்றா, மற்ற ஆண்களின் பெயர்களையும் தொட்டுக் காட்டினா. இந்த ஆளுக்கு ஐந்து பிள்ளைகள், அந்த ஆளுக்கு ஏழு. ஒருவரும் இதில் இல்லை, எல்லாரும் தங்கள் தாயின் வீட்டுக் கடதாசியில் என்றா. நான் தலையாட்டினேன். விளங்கினதால் இல்லை.

உங்கள் அம்மாதான் வாயைத் திறந்தா. "இஞ்சயும் அப்பிடித்தானே அப்பா? நீங்கள் அம்மான்ர சீதன வீட்டில. இவர் என்ர சீதன வீட்டில. உங்கள் ரெண்டு பேருக்கும் கீழ என்ன கிடக்கு?"

"நீ சும்மா இரு. என்ர பேராவது உனக்கு முன்னால நிக்குது."

பிறகு மாமா பேனையை நீட்டினார். "அப்பான்ர பேருக்குக் கீழ சின்னதா ஒரு கோடு போடலாமோ, பிள்ளை?"

"அது சரியாவில்ல" என்றா அவ. ஆனால் பேனையை வாங்கினா. கடதாசியைப் பின்பக்கம் திருப்பி, மாமாவின் தாயுடைய பெயரைக் கேட்டு மேலே எழுதி, ஒரு கோடு இழுத்து, அதன் கீழே மாமாவின் பெயரை எழுதினா.

"அப்பா எங்க?" என்றார் மாமா.

"மற்றப் பக்கத்தில்" என்று கையால் காட்டினா.

மாமா கடதாசியைத் தூக்கி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். தகப்பனுடையதும் தன்னுடையதும், இரண்டு பெயரும் தெரிந்தன. ஆனால் கிட்டக் கிட்ட வரவில்லை, ஒரு சாண் தள்ளித் தள்ளி.

அவ கோயில் பிரதியையும் வாங்கிக்கொண்டு பின்னேர பஸ்ஸில் போனா. பேனை அவவுடைய பையோடு போய்விட்டது, மாமா கேட்கவுமில்லை. அவர்களுடைய கணக்கில் முன்பக்கமோ பின்பக்கமோ, உங்களை எங்கே போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்கள் அம்மாவுக்குப் பிடிபடுகிறது போல, சிரிக்கிறா.

மாமா மட்டும் கிழமைக்கு ஒருதரமாவது என்னைக் கேட்கிறார்: "தம்பி, அங்க பிரிவினைக்கு அந்தக் கடதாசியைப் போட்டோக்கொப்பி எடுப்பினம் என்ன? எடுக்கேக்க பின்பக்கத்தையும் எடுப்பினமோ?"

"எடுப்பினம் மாமா" என்கிறேன். எனக்கென்ன தெரியும்.